காலில்லாத காமிரா

என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாவதற்கு முன் எடுத்த படங்கள் நான்கு என்னிடம் இருக்கின்றன. நான்கும் அக்காவை உட்கார வைத்து எடுத்தவை. ஒன்றில்கூட முகம் இல்லை. மூன்று படங்களில் புடவைக் கரையைக்கூடத் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கும், கழுத்துக்கு மேலே மட்டும் ஈரத் துணியால் துடைத்துவிட்டாற்போல ஒரு வெளுப்பு. நாலாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். என் மகன் இவற்றைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்துக் காமிரா அவ்வளவுதான் என்றான். காமிராவைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். அந்தக் காமிராவை எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது நான் எட்டு வயதுச் சிறுமி. யுத்தம் ஆரம்பித்திருந்தது, ஆனால் ஜலகண்டாபுரத்தில் எங்கள் தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் தறி. பொழுது விடிவது தறிச் சத்தத்தோடுதான். எங்கள் வீட்டின் நடுவே, நெய்கிறவர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழி; அதற்கு நேர் மேலே கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. முற்பகலில் அந்த ஓடு வழியாக வெயில் ஒரு தூண் போல இறங்கி, அப்பா தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் பாவு நூலின் மேல் வந்து நிற்கும். அதற்குள் பஞ்சுத் தூசி மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் மிதந்துகொண்டிருக்கும். ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே அக்கா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 

அந்த வீட்டுக்குத்தான் பெரியப்பா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெரியம்மாவின் அண்ணன் மகன். ரங்கூனில் லுங்கிக் கடை. கடையை விட்டுவிட்டுப் பெண் பார்க்கக் கப்பலேறி வர முடியாது, படம் அனுப்பினால் போதும், பிடித்திருந்தால் நேரே தாலியோடு வந்து இறங்குவான் என்றார். அப்பா சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

படத்துக்கு எங்கே போவது? சேலத்தில் ஸ்டூடியோ இருந்தது. வயதுக்கு வந்த பெண்ணைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய், முன்பின் தெரியாத ஒருவன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்ப்பதா என்று அம்மா மறுத்துவிட்டாள். வாசலில் வைத்து எடுத்தால் தெருவே வேடிக்கை பார்க்கும், கண்பட்டுவிடும் என்று அதுவும் ஆகாது. அப்பாவுக்கு வேறொரு பிடிவாதம். படத்தில் தறி தெரிய வேண்டும். ஸ்டூடியோக்காரன் தொங்கவிட்டிருக்கும் மாளிகைப் படுதாவுக்கு முன்னால் என் பெண் எதற்கு உட்கார வேண்டும், நெய்கிறவன் வீட்டுப் பெண் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டாமா என்றார்.

இரண்டு பிடிவாதத்துக்கும் ஒத்துவருகிற ஆள் ஒருவர்தான் இருந்தார். அத்தை மகன், எனக்கு மச்சான். அத்தை இறந்த பிறகு சில வருஷங்கள் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். அப்பா அவரைத் தறிக்குழியில் இறக்கிப் பார்த்தார். அவர் ஏறி ஓடி, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்துகொண்டார். முறைப்படி அக்கா அவருக்குத்தான். ஆனால் குழியில் கால் வைக்காதவனுக்கு என் பெண் இல்லை என்று அப்பா என்றைக்கோ சொல்லி முடித்துவிட்ட விஷயம் அது. முடிந்த விஷயம் என்பதால் அவரையே கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொல்வதில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. பெரியப்பா அதற்கு ஒரு நியாயம்கூடச் சொன்னார். முறைப்பையன் கையாலேயே படம் போனால், அவனுக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை என்று ரங்கூன்காரர்களுக்கும் தெரிந்துவிடுமாம்.

மச்சான் ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த அன்று எங்கள் வாசலில் பாதித் தெரு நின்றது. எல்லாரும் மூன்று காலும் கறுப்புத் துணியும் பெரிய பெட்டியும் வரும் என்று காத்திருந்தார்கள். அவர் சட்டைக்குள்ளிருந்து எடுத்தது வெற்றிலைச் செல்லத்தில் பாதிகூட இல்லை.

"ஏனுங்க மாப்ளே, இதுக்குக் காலு எங்கீங்க?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"இதுக்குக் காலு வேண்டாமுங்க. என்ற காலே போதும்."

கூட்டம் ஏமாந்து கலைந்தது. காலே இல்லாத காமிரா என்ன காமிரா என்று எனக்கும் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

தோட்டத்துத் துரை யுத்தத்துக்குப் புறப்பட்டபோது கொடுத்துவிட்டுப் போன ஜெர்மன் காமிரா அது. அதன் முகத்தில் இருந்த கண்ணாடி உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரியது. உள்ளே பார்த்தால் கிணற்றில் எட்டிப் பார்ப்பது போல இருக்கும். அடியில் என் முகம் ஊதா நிறத்தில் தலைகீழாகக் கிடக்கும். மற்ற காமிராக்கள் நல்ல வெயிலில் பார்ப்பதை இது எங்கள் வீட்டு மங்கலிலேயே பார்த்துவிடும் என்று மச்சான் பெருமை அடித்துக்கொண்டார். ஆனால் அதற்குக் கண்ணாடியை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். திறந்து வைத்தால் ஒரு குணக்கேடு உண்டு.

"நாலு வெரல் ஆழத்துக்குத்தான் இதுக்குக் கண்ணு தெரியும் அம்மிணி. மூக்கு நல்லா வந்தா காது போயிரும்" என்றார்.

நான் உடனே என் காதைப் பிடித்துக்கொண்டேன்.

துரை கொடுத்த பிலிமில் அரைச் சுருள்தான் மிச்சம். யுத்தத்தில் இனிப் பிலிம் வராது. அதனால் மச்சான் முதலில் வெறும் காமிராவை வைத்துக்கொண்டே பழகினார், என்னை உட்காரவைத்து. அவர் நிற்பது வேடிக்கையாக இருக்கும். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொள்வார். தோளைத் தறிக் கம்பத்தில் சாய்ப்பார். காமிராவைப் புருவத்தில் பதிய வைத்து, பாதி மூச்சை விட்டுவிட்டு மீதி மூச்சை அப்படியே நிறுத்துவார். நெஞ்சு ஏறாது, இறங்காது. பிறகு விரல் மட்டும், பழுத்த பழத்தை அமுக்கிப் பார்க்கிற மாதிரி, மெதுவாக இறங்கும். எங்கள் தறியை நிறுத்தினாலும் இரண்டு பக்கத்து வீட்டுத் தறிகளும் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த அடி தரை வழியாக வந்து கம்பத்தில் ஏறும், கம்பத்திலிருந்து தோளில் ஏறும். அதனால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் விரலை இறக்க வேண்டும். அந்த இடைவெளிக்காக அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே நிற்பார். நானும் கேட்பேன். நாள் முழுவதும் காதில் விழுந்த சத்தத்துக்குள் இவ்வளவு பெரிய அமைதி ஒளிந்திருந்தது அதற்கு முன் எனக்குத் தெரியாது.

கெட்டுப்போன இரண்டு படங்களையும் காட்டினார். ஒன்றில் நாய். வேலியும் கல்லும் புல்லும் அப்படியே இருக்க, நாய்க்கு மட்டும் மூன்று தலை. இன்னொன்றில் மலைப்பாதை; மரம், பாறை, வானம் எல்லாமே ஒரே பக்கமாகக் கரைந்து ஓடியது.

"இது நாயி ஆடுனது. இது நான் ஆடுனது. கையி ஆடுச்சுன்னா ஊடே ஆடிப்போயிரும் அம்மிணி. ஆளு ஆடுனா ஆளு மட்டுந்தான் ஆடும்."

இதைவிடச் சுலபமான பாடம் பள்ளிக்கூடத்தில்கூட எனக்குக் கிடைத்ததில்லை. அன்றிலிருந்து நான் எதையும் ஆடாமல் பார்த்துக்கொண்டேன்.

படம் எடுக்கும் நாள் வந்தது. அக்காவுக்கு அம்மாவின் கூறைப்புடவை. முகமும் தறியும் ஒரே தூரத்தில் இருந்தால்தான் அந்த நாலு விரலுக்குள் இரண்டும் அடங்கும் என்பதால், பாவின் ஓரம் தோளை உரசுகிற மாதிரி அவளை ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். வெயில் தூண் அவள் மேல் இறங்கியது. அவள் தரையைப் பார்த்தாள். அப்பா குழிக்குள்ளேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மச்சான் என்னைக் காமிரா வழியாக ஒரு நிமிஷம் பார்க்கவிட்டார். உள்ளே இரண்டு அக்கா இருந்தார்கள். ஒருத்தி நிஜமாக இருந்தாள். இன்னொருத்தி லேசாக, புகை மாதிரி, பக்கத்தில் நின்றாள். அவர் வளையத்தைத் திருப்பத் திருப்ப, புகை அக்கா நகர்ந்து வந்து நிஜ அக்காவுக்குள் புகுந்து ஒன்றாகிவிட்டாள். அப்படி ஒன்றாகும் இடம்தான் சரியான தூரம். இன்னொரு தரம் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். மச்சான் காமிராவை வாங்கிக்கொண்டார். மூச்சு நின்றது. பக்கத்து வீட்டுத் தறி ஒருமுறை அடித்தது. 'ணிக்' என்று எறும்பு கடித்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். ரங்கூன் வரை போகப் போகிற விஷயம் இத்தனை சின்னச் சத்தத்தில் முடிந்துவிட்டதே என்று அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை.

பிலிமை ஏற்காட்டுக்குக் கொண்டுபோய், எடுத்த துண்டை மட்டும் வெட்டிக் கழுவி, படத்தோடு மச்சான் திரும்பி வந்தார். எல்லாரும் தறிக்குழியைச் சுற்றிக் குனிந்து பார்த்தோம்.

இந்த இடத்தில் நெசவாளர் வீட்டுக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்களிடம் எந்தப் படத்தைக் கொடுத்தாலும், சாமி படமாகவே இருந்தாலும், முதலில் சாமி கட்டியிருக்கும் வேட்டிக் கரையைத்தான் பார்ப்போம். அன்றைக்கும் அதுதான் நடந்தது. அக்காவின் தோளை ஒட்டிப் பாவு இழை இழையாக, எண்ணிக்கொள் என்கிற மாதிரி விழுந்திருந்தது. பெரியப்பா கரை நிறத்தைப் பற்றிக் கேட்டார். அம்மா பாவுக்குப் போட்ட கஞ்சி போதவில்லையோ என்றாள். அப்பா விரல் நகத்தால் ஒவ்வொரு இழையாகத் தள்ளித் தள்ளி எண்ணினார். முகம் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான்.

"அக்கா மூஞ்சியக் காணமே!"

எல்லாரும் அப்போதுதான் பார்த்தார்கள். மச்சான் தலையைச் சொறிந்தார்.

"கையி நடுங்கிப்போச்சுங்க மாமா" என்றார் அப்பாவிடம்.

அப்பா படத்தை இன்னொரு முறை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "பாவுல ஒரு எழை அத்திருக்குது" என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கிக்கொண்டார். இறங்கியவர் நெய்யவில்லை. நான் பிறகு போய்ப் பாவு முழுக்கத் தேடினேன். எந்த இழையும் அறுந்திருக்கவில்லை. அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவைக்கு அம்மா பொறுப்பை எடுத்துக்கொண்டாள். இருபது வயதுப் பையனுக்குக் கை நடுங்கினால் அது ஏற்காட்டுக் காப்பியின் வேலைதான் என்பது அவள் தீர்மானம். காப்பி கூடாது என்று வாக்கு வாங்கினாள். வந்து இறங்கியதும் கேழ்வரகுக் களியை உருட்டி உருட்டி வைத்தாள். "தின்னு சாமி, எலும்புல பலமிருந்தாத்தான் வெரலு நிக்கும்" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டாள். களி தின்ற மயக்கத்தோடு மச்சான் எடுத்த படத்திலும் பாவு இருந்தது, முகம் இல்லை. மூன்றாவது தடவை வலது மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறும் சேர்ந்தது. அதிலும் கயிறு பலித்தது பாவுக்கு மட்டும்தான். ஒவ்வொரு முறையும் "கையி நடுங்கிப்போச்சுங்க மாமா." ஒவ்வொரு முறையும் அப்பா இழை எண்ணிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். தெருவில் மச்சானுக்கு நடுங்கி மாப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் ஆசானை நடுங்கி என்பதா? மூன்று படங்களையும் எடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்கு நாயின் ஞாபகம் வந்தது. தறிக் கம்பம் ஆடவில்லை. பாவு ஆடவில்லை. முக்காலி ஆடவில்லை. அப்படியானால் நாய்தான் ஆடியிருக்கிறது.

நேரே அக்காவிடம் போனேன். "நீதானே ஆடுன?"

அக்கா ராட்டையை நிறுத்தவில்லை. "மூஞ்சியில ஈ உக்காந்துச்சு" என்றாள்.

"மூணு தடவையுமா?"

"அந்த ஈக்கு வேற வேலையில்ல."

பிறகு மச்சானைப் பிடித்தேன். அக்கா ஆடினதற்கு நீங்கள் ஏன் கை நடுங்கியது என்று சொல்கிறீர்கள் என்று கேட்டேன். மச்சான் காமிராவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

"சொன்னா அவளுக்குத்தானே வசவு உழுகும்? எனக்குன்னா வெறும் களியோட போகுது. நீ யாருகிட்டயும் சொல்லாத, என்ன?"

நல்ல மனுஷர், அக்காவை வசவிலிருந்து காப்பாற்றுகிறார் என்று எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. யாரிடமும் சொல்லவில்லை. அக்கா எப்படி அத்தனை சரியாக அந்த ஒரு கணத்தில் ஆடுகிறாள் என்று மட்டும் கவனித்து வைத்திருந்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் அவருடைய நெஞ்சைப் பார்ப்பாள். அது ஏறி இறங்குவது நின்றவுடன் முகத்தை லேசாகத் திருப்பிவிடுவாள், அவ்வளவுதான். அவர் மூச்சு எப்போது நிற்கும் என்று அவளுக்கு அவரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

பெரியப்பா மறுபடி வந்தார். இந்த முறை உட்காரவில்லை. ரங்கூனுக்குப் போகிற ஆள் ஆவணியில் கிளம்புகிறார், அவர் கையில் படம் போகாவிட்டால் வேறு இடம் பார்க்கப் போகிறார்களாம், என்னால் தலை நிமிர முடியவில்லை என்று கத்தினார்.

"இன்னொரு வாட்டி அந்த நடுங்கிய நம்ப முடியாது. நானே சேலத்துல இருந்து மூணு காலு பொட்டியக் கூட்டியாந்துருவேன். கருப்புத் துணி போட்டாத்தான் இந்த ஊட்டுல படம் வரும்போல இருக்குது!"

"இந்த ஒருக்கா பார்ப்பமுங்கண்ணா" என்றார் அப்பா. "அதுக்கப்பறம் உங்க இஷ்டம்."

அக்கா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவள் சுற்றிய தாரெல்லாம் தளர்ந்து, மறுநாள் அவிழ்த்துத் திரும்பச் சுற்ற வேண்டியதாயிற்று.

நாலாவது தடவை மச்சான் வந்தபோது அம்மா களி கிண்டவில்லை. ஆடி முடிகிற சமயம். வெளியே காற்று வீசிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஓட்டின் மேல் மேகம் வருவதும் போவதுமாக, வெயில் தூண் தோன்றித் தோன்றி மறைந்தது. அது தோன்றும்போதெல்லாம் அக்கா தெரிந்தாள். மறையும்போது அவள் இருந்த இடத்தில் கூறைப்புடவையின் சரிகை மட்டும் இருந்தது. நான் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தேன். எல்லாம் தண்ணீருக்குள் நடப்பது போல இருந்தது. பெரியப்பாவும் வந்து நின்றிருந்தார்.

மேகம் விலகியது. மச்சான் முழங்கையை விலாவில் ஒட்டினார், கம்பத்தில் சாய்ந்தார், மூச்சை நிறுத்தினார். நான் அக்காவைப் பார்த்தேன். இதோ திருப்பப் போகிறாள் என்று நினைத்தேன்.

அக்கா திருப்பவில்லை. தலையை நிமிர்த்தி, முதல் முறையாக நேரே அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. எல்லாவற்றையும் சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டவளைப் போல உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுத் தறி அடித்தது. இடைவெளி வந்தது. போனது. மறுபடி அடித்தது. மறுபடி இடைவெளி. மச்சானின் விரல் இறங்கவே இல்லை. அத்தனை நேரம் அவர் மூச்சை நிறுத்தி நான் பார்த்ததில்லை. கடைசியில் ஏதோ ஓர் அடியின் மேலேயே 'ணிக்' என்று கேட்டது. மச்சான் வாசலுக்குப் போய்விட்டார்.

அக்கா இந்தத் தடவை ஆடவே இல்லை, படம் அருமையாக வரும் என்று நான் அவர் பின்னாலேயே ஓடிச் சொன்னேன். அவர் காமிராவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

படம் வந்தது. அதில் அக்கா இல்லை. புடவை இல்லை, பாவு இல்லை, கம்பம் இல்லை. வீடே ஒரு பக்கமாகக் கரைந்து ஓடியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாய் ஒழுங்காக இருந்த ஒரே ஒரு நாளில் வேட்டைக்காரருக்குக் கை நடுங்கினால் என்ன செய்வது? பெரியப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மூணு காலு பொட்டிக்கு ஆள் சொல்லப் போகிறேன் என்று கிளம்பினார்.

"இருங்கண்ணா" என்றார் அப்பா.

படத்தைக் கண்ணாடி ஓட்டுக்கு நேரே கொண்டுபோய், கிட்டவும் தூரவும் வைத்துப் பார்த்தார். நகத்தை வைத்தார். எடுத்தார்.

"இதுல ஒரு எழைகூட எண்ண முடியலையே" என்றார்.

"கையி நடுங்கிப்போச்சுங்க மாமா" என்றார் மச்சான்.

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டை விட்டு ஓடிப்போன பிறகு அவரை அப்பா அப்படி முகத்துக்கு நேரே பார்த்து நான் கண்டதில்லை.

"இப்பத்தாண்டா நெசத்தச் சொல்ற."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று தடவையும் அவர் இதையேதானே சொன்னார்? அப்பா அண்ணன் பக்கம் திரும்பி, ரங்கூன் வேண்டாம், நான் கொடுத்த வாக்கை நானே வந்து திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். பெரியப்பா அதற்குப் பிறகு வெகுநாள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினால் பாத்திரம் அப்படியே திரும்பி வரும். அப்பா அதைத் திறந்து பார்க்காமல் எங்களிடம் கொடுத்துவிட்டு நெய்யப் போய்விடுவார்.

அக்காவுக்கும் மச்சானுக்கும் தை மாதத்தில் கல்யாணம். எனக்கு அப்பா மேல் சொல்ல முடியாத கோபம். நாலு படம் எடுக்கச் சொன்னால் நாலையும் கெடுத்தவருக்குப் போய்ப் பெண்ணைக் கொடுக்கிறாரே! கெடுத்ததற்குத் தண்டனையாக அக்காவைக் கட்டி வைத்துவிட்டாரோ என்றும் ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் தண்டனை பெற்றவர் முகத்தில் அதற்கான அடையாளம் ஒன்றும் தெரியவில்லை.

சுருளில் ஒரே ஒரு படத்துக்கு இடம் மிச்சம் இருந்தது. மணவறைக்குப் போகும் முன் மச்சான் காமிராவை என் கழுத்தில் மாட்டினார். "உனக்குத்தான் எல்லாந் தெரியுமே அம்மிணி" என்றார். பந்தல் காலில் தோளைச் சாய்த்தேன். முழங்கையை விலாவில் ஒட்டினேன். மேளத்தின் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அழுத்தலாம் என்று காத்திருந்தால், கெட்டிமேளம் ஆரம்பித்துவிட்டது. கெட்டிமேளத்தில் இடைவெளிக்கு எங்கே போவது?

உள்ளே பார்த்தேன். தாலியைப் பிடித்திருந்த மச்சானின் கைகள் வெடவெடவென்று ஆடின. முடிச்சு விழவே இல்லை.

"மச்சானுக்குக் கையி நடுங்குது!" என்று நான் கத்திவிட்டேன்.

பந்தலே சிரித்தது. மணமக்களுக்குப் பின்னால் நின்ற அப்பாவும் சிரித்தார். அப்பா வாய்விட்டுச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த ஆச்சரியத்தில் என் விரல் இறங்கிவிட்டது.

அந்தப் படமும் என்னிடம் இருக்கிறது. என் கை ஆடவில்லை. பின்பக்கத்துப் பந்தல் ஓலையை ஒவ்வொன்றாக எண்ணலாம். தூரம்தான் தப்பிவிட்டது. அந்த நாலு விரல் ஆழம் மணமக்களைத் தாண்டிப் போய் அப்பாவின் மேல் விழுந்துவிட்டது. முன்னால் அக்காவும் மச்சானும் இரண்டு மேகம் போல இருக்க, பின்னால் அப்பா மட்டும் மீசை மயிர் தனித்தனியாகத் தெரிய நின்று சிரிக்கிறார். கல்யாணப் படத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் காணோமே என்று எல்லாரும் என்னைத் திட்டினார்கள். அப்பா மட்டும் திட்டவில்லை. அதைக் கேட்டு வாங்கி, தறிக்குழிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த மாடத்தில் கடைசிவரை வைத்திருந்தார்.

அதில் அப்பாவின் கன்னத்தில் ஈரம் பளபளக்கிறது. சிரிக்கிற ஆளுக்குக் கண்ணில் தண்ணீர் எதற்கு என்று எட்டு வயதில் நான் வெகுநேரம் யோசித்தேன். கடைசியில், அக்காவை விட்ட அந்த ஈ அப்பாவிடம் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.